பன்னிரண்டரைக்குப் பன்னிரண்டு மணி

ஸ்ட்ராஸ்பூர் பேராலயத்தின் பெரிய கடிகாரத்தில் பன்னிரண்டு மணி அடித்தது. குட்டிப் பொம்மைகள் வரிசையாக நடந்து போயின. உச்சியில் நின்ற இயந்திரச் சேவல் இறக்கையை அடித்துக் கூவியது.

கூட்டம் கைதட்டியது. பத்து வயது சலோமே மட்டும் மேலே பார்க்கவில்லை. ஒவ்வொரு முகமாகத் தேடிக்கொண்டிருந்தாள்.

"வந்துட்டாளா?" என்றார் அர்போகாஸ்ட் மாமா. அவர் ஆற்றில் படகு ஓட்டுபவர். மெதுவாகப் பேசினாலும் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள்.

"இல்ல மாமா."

அவள் தேடியது எனோராவை. தூரத்துக் கெம்பேர் ஊர்க்காரி. ஒரு வருடமாகக் கடிதத் தோழி. நேரில் பார்த்ததே இல்லை. இன்று அப்பாவோடு இந்த ஊரில் ரயில் மாறுகிறாள். அடுத்த ரயில் ஒன்று நாற்பதுக்கு. இன்று விட்டால் எப்போது பார்ப்பது?

"போன் நம்பர் இருக்கா?"

"கடிதம் எழுதுறவங்க யாராவது நம்பர் கேப்பாங்களா மாமா?"

"சரி, என்னதான் எழுதின?"

"பன்னெண்டு மணிக்குச் சேவல் முன்னாடி நில்லுன்னு எழுதினேன்."

மாமா தன் கைக்கடிகாரத்தைக் காட்டினார். பன்னிரண்டு முப்பத்தைந்து. "அடிப் பாவி! அவ கடிகாரத்துல பன்னெண்டு எப்பவோ போயிடுச்சே!"

சலோமே நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

பேராலயக் கடிகாரம் சூரியனைப் பார்த்து ஓடுவது. இந்த ஊருக்கு நேர் உச்சியில் சூரியன் வரும் நேரம்தான் அதற்குப் பன்னிரண்டு. கைக்கடிகாரங்களோ நாடு முழுவதற்கும் பொதுவான நேரத்தைக் காட்டுபவை. அதனால் இங்கே சேவல் கூவும்போது கையில் பன்னிரண்டரை ஆகியிருக்கும். சேவல் கூவினால் பன்னிரண்டு என்று சொல்லியே வளர்ந்தவள் சலோமே. எழுதும்போது யோசிக்கவே இல்லை.

"நாம பன்னெண்டேகாலுக்குத்தான் வந்தோம். அதுவரைக்கும் இங்கயே நின்னிருப்பாளே, பாத்திருப்போமே?" என்றார் மாமா.

சலோமே எனோராவின் கடைசிக் கடிதத்தை நினைத்துப் பார்த்தாள். 'இரும்புத் தொண்டை எப்படிக் கூவும்? பக்கத்தில் போய்ப் பார்க்க முடியுமா?' என்று கேட்டிருந்தாள். இங்கே சேவல் எட்டாத உயரத்தில் இருந்தது. பக்கத்தில் போய்ப் பார்க்கும்படி இருந்தது வேறொன்று. அதைப் பற்றியும் அவளுக்கு எழுதியிருந்தாள் சலோமே.

"மாமா, அரண்மனைச் சேவல்! அங்க போயிருப்பா!"

பேராலயத்துக்கு எதிரேதான் பழைய அரண்மனை. இப்போது அது அருங்காட்சியகம். பேராலயத்தின் முதல் கடிகாரத்தில் இருந்த மிகப் பழைய சேவல் அங்கே இருந்தது. ஓடக் கூடாது என்று பலகை மாட்டியிருந்ததால், சலோமே கால் தரையில் படாத அளவுக்கு வேகமாக நடந்தாள். தங்கப் பூச்சு நாற்காலிகளும் பீங்கான் தட்டுகளும் கண்ணில் படவே இல்லை.

சேவல் இருந்தது. எனோரா இல்லை. "என் வயசுப் பொண்ணு யாராவது வந்தாளா?" என்று அங்கிருந்தவரிடம் கேட்டாள்.

"ரெட்டைப் பின்னல் போட்ட பொண்ணா?" என்றார் காவல்கார அம்மாள். "இது எப்போ கூவும்னு கேட்டா. இது கூவுறத விட்டு ரொம்ப காலம் ஆச்சு கண்ணு, கூவுறது எதிர்ல இருக்குன்னு அனுப்பிட்டேன். அவ போய் கால் மணி நேரம் இருக்கும்."

"போச்சு! வா, அங்க போவோம்," என்றார் மாமா.

"வேணாம் மாமா. நாம அங்க போனா அவ இங்க வருவா. நாம இங்க வந்தா அவ அங்க போவா."

"அப்போ?"

"கடிகாரத்துல எல்லாச் சக்கரமும் சுத்தும். ஆனா அச்சு நகராது. அச்சும் நகர்ந்தா சக்கரம் எல்லாம் உருண்டு ஓடிடும். நான் இங்கயே நிக்கிறேன். நீங்க வெளிய போய்ச் சுத்துங்க."

"என்னை அவளுக்குத் தெரியாதே! 'எனோரா'ன்னு கத்தவா?"

"தெரியாத ஆள் கூப்பிட்டா அவங்க அப்பா விடுவாரா?" சலோமே யோசித்தாள். "சேவல் மாதிரி கூவுங்க."

"நானா? ஊரே சிரிக்கும்டி!"

"சிரிக்கட்டும் மாமா. அவ தேடுறது சேவலைத்தானே?"

மாமா தொப்பியைக் கண் வரை இழுத்துவிட்டுக்கொண்டு போனார்.

சலோமே ஜன்னல் அருகே நின்றாள். கொஞ்ச நேரத்தில் சதுக்கம் அதிர்ந்தது.

"கொக்கரக்கோ...ஓ!"

புறாக்கள் பறந்தன. யாரோ சிரித்தார்கள். பதில் இல்லை. மாமா மறுபடி கூவினார். ஒரு நாய் குரைத்தது. அவ்வளவுதான்.

மூன்றாவது முறை கூவியபோது மாமாவின் குரல் கட்டிவிட்டது. சலோமே ஜன்னல் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

அப்போது சதுக்கத்தின் மூலையிலிருந்து மெல்லிய, கீச்சென்ற குரல் கேட்டது.

"கொக்கரக்கோ!"

காவல்கார அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

ஐந்து நிமிடத்தில் இரட்டைப் பின்னல் ஒன்று வாசலில் தெரிந்தது. பின்னால் அவள் அப்பா. அதற்கும் பின்னால் முகம் சிவந்த மாமா. தோழிகள் இருவரும் எதிரெதிரே நின்றார்கள். அறுபது கடிதம் எழுதியவர்கள் ஒருவரையொருவர் மேலும் கீழும் பார்த்துக்கொண்டார்கள்.

"கடிதத்துல நீ இன்னும் உயரமா இருந்த," என்றாள் எனோரா கடைசியில்.

"கடிதத்துல நீ கூவினதே இல்ல!" என்றாள் சலோமே.

சிரித்து முடித்ததும் எனோரா தரையில் மண்டியிட்டு, தலையைச் சாய்த்து, சேவலின் வயிற்றைக் கீழிருந்து பார்த்தாள்.

"சொல்லு. காத்து எங்கேர்ந்து வரும்?"

சலோமேயும் அவள் பக்கத்தில் மண்டியிட்டாள். "துருத்திலேர்ந்து. துருத்தி அமுங்கினா காத்து தொண்டைக்கு ஏறும். அங்க ஒரு மெல்லிசுத் தகடு இருக்கும். அது துடிச்சா சத்தம்."

"எங்க மாமாவுக்கும் அதே ஏற்பாடுதான்," என்று சேர்த்துக்கொண்டாள். மாமா பதில் சொல்ல வாயைத் திறந்தார்; காற்று மட்டும்தான் வந்தது.