கடைசி அத்தியாயம் கேட்டு வந்தவர்கள்

"நல்ல மனுஷன் போயிட்டாரும்மா புள்ளி."

கண்ணாடி போட்ட அந்தப் பெண்மணி அப்படிச் சொல்லி, வாசலில் நின்றிருந்த அவள் கையை இரண்டு கைகளாலும் பொத்தி அழுத்திவிட்டு, வரிசையோடு நகர்ந்து போனாள். காலையிலிருந்து எத்தனையோ ஈரக் கைகள் இப்படி அழுத்திவிட்டுப் போயிருந்தன. கை மரத்துப்போயிருந்தது, கால் மரத்துப்போயிருந்தது, துக்கம் அதற்கும் முன்னாலேயே மரத்துப்போயிருந்தது. அதனால் அந்தக் கடைசி வார்த்தை காதில் விழுந்தும் மண்டைக்குள் இறங்கச் சற்று நேரம் பிடித்தது.

புள்ளி.

கிண்டலாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். இறந்துபோன எழுத்தாளர் பேனா பிடித்து எழுதுகிறவர் இல்லை. சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவார். கமா, புள்ளி, பாரா எல்லாவற்றையும் வாயாலேயே சொல்லுவார். அவள் கணினியில் தட்டிக்கொண்டே போவாள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு தடவை, 'அவள் கதவைத் திறந்தாள் புள்ளி' என்று காதில் விழுந்ததை அப்படியே அடித்துவிட, அது அந்த மர்ம நாவலில் அச்சாகிக் கடைக்கே வந்துவிட்டது. வாசகர்கள் சும்மா விடுவார்களா? புள்ளி என்பவன்தான் கொலைகாரன், கண்டுபிடித்துவிட்டோம் என்று எழுதித் தள்ளினார்கள். எழுத்தாளரும் அசரவில்லை. அடுத்த நாவலில் புள்ளி என்ற பெயரிலேயே ஒரு கொலைகாரனை உண்டாக்கினார். பாராட்டு அவருக்கு, திட்டு அவளுக்கு.

ஆக, பழைய வாசகி போல. செத்த வீட்டில் இதெல்லாம் ஒரு விளையாட்டா என்ற எரிச்சலோடு அவள் அடுத்த கையை வாங்கிக்கொண்டாள்.

கூடத்தின் நடுவில் எழுத்தாளர் கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்திருந்தார். மகன் வெளிநாட்டிலிருந்து வந்து சேரும்வரை பெட்டிதான். அதன் அடியில் குளிர் இயந்திரம் உறுமுவதும், தொண்டையைச் செருமிக்கொள்வதுபோல் ஒரு முறை குலுங்கி அடங்குவதும், மறுபடி உறுமுவதுமாக இருந்தது. குவிந்து கிடந்த பூக்கள் அடியில் அழுக ஆரம்பித்து, இனிப்பும் புளிப்புமாக ஒரு வாடை எழுந்து, வேர்வை நாற்றத்தோடு கலந்து அடிநாக்கில் வந்து ஒட்டிக்கொண்டது. ஜன்னல் வழியாக விழுந்த சாயங்கால வெளிச்சத்தில், வரிசையில் வந்தவர்களின் நிழல்கள் பெட்டியின் மேல் ஏறி, அவர் முகத்தைக் கடந்து, மறுபக்கம் இறங்கிப் போயின.

மாடிப்படிக்குக் கீழே அவள் பை தயாராக இருந்தது. இருட்டுவதற்குள் கிளம்பும் பஸ்ஸைப் பிடித்தால்தான் விடிந்ததும் அந்தப் பள்ளிக்கூட வாசலில் போய் நிற்க முடியும். நாளைக்குள் சேராவிட்டால் வேலை வேறொருவருக்கு என்று கறாராகச் சொல்லியிருந்தார்கள். சொந்தமாக ஒரு கரும்பலகை. தன் வாயால் தானே பேசிச் சம்பளம் வாங்கும் வேலை. அதற்காக அவள் எத்தனை வாசல் ஏறி இறங்கினாள் என்பது இந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள யாரும் மெனக்கெட்டதும் இல்லை.

"டிகிரி, இங்க வா."

எழுத்தாளரின் மனைவி சமையலறை நிலையில் சாய்ந்து நின்றாள். குடும்பத்திலேயே நான்தான் முதல் பட்டதாரி என்று வேலைக்கு வந்த அன்று வாய் தவறிச் சொன்னது அவள் செய்த தப்பு. அன்றிலிருந்து அவளுக்குப் பெயர் டிகிரி. டிகிரி, பிரிண்டர்ல பேப்பர் மாட்டு. டிகிரி, அந்த டம்ளரை எடுத்து வை.

"பாதியில நிக்கிற நாவலோட கடைசி அத்தியாயம் என்னாச்சு?"

"அவர் சொல்லவே இல்லையே மேடம்."

"அவர் சொன்னாதானா? உனக்குத் தெரியாத பாணியா? வர்றவங்க எல்லாம் அதைத்தான் கேக்கறாங்க. நாலு நாள் இருந்து முடிச்சுக் குடுத்துட்டுப் போ."

"நாளைக்கு நான் வேலைல சேரணும். போன மாசமே உங்ககிட்ட சொல்லிட்டேன்."

"செத்த வீட்ல நின்னுக்கிட்டு போறேன் போறேன்ங்கிற. படிச்ச பொண்ணு பேசற பேச்சா இது?"

படிச்ச பொண்ணு. டம்ளர் எடுக்கும்போது வராத படிப்பு இப்போது மட்டும் வந்துவிட்டது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு வாசலுக்கே திரும்பினாள். சண்டை போடக்கூட உடம்பில் தெம்பு இல்லை.

அடுத்து வந்தவன் கல்லூரிப் பையன் மாதிரி இருந்தான். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"சார் இல்லாம கமா இனிமே நாங்க எதைப் படிக்கிறதுன்னு தெரியலக்கா புள்ளி."

அவள் அவன் கையை விடவில்லை. "என்ன சொன்னீங்க?"

"எதைப் படிக்கிறதுன்னு தெரியலன்னு சொன்னேன்."

"அதுக்கு நடுவுல."

அவன் மலங்க மலங்க விழித்தான். "நடுவுல எதுவும் சொல்லலையேக்கா."

புள்ளி அச்சில் வந்தது. கமா வரவில்லை. கமா என்று அவர் சொல்லும்போது குரல் மெல்ல மேலே ஏறும், ஒரு மூச்சு நிற்கும். அது சாத்திய கதவுக்குள் அவரும் அவளும் மட்டுமே அறிந்த சங்கதி. பையன் குரலிலும் அது ஏறியது. மூச்சும் நின்றது. சொல்லும்போது அவன் கண்களை மூடிக்கொண்டிருந்தான்.

காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். வரிசை முழுக்க முணுமுணுப்பு. ராத்திரி முழுக்க உக்காந்து படிப்போம் கமா. எங்க வீட்டுக்காரர் திட்டுவார் கமா. அப்பவும் கீழ வைக்க மாட்டோம் புள்ளி. அழுகைக்கு நடுவிலும் ஒருவர்கூடத் தவறவிடவில்லை. பிறகு தெருக்கோடியில் யாரோ "பாரா" என்றார்கள். சத்தம் அத்தனையும் அடங்கியது. குளிர் இயந்திரமும் அடங்கியது. தெருவில் நின்ற கூட்டம் மொத்தமும் ஓர் அடி உள்ளே தள்ளி நின்றுகொண்டது, பத்தியின் முதல் வரியைப் போல.

போதும். பசி மயக்கமோ தூக்கமின்மையோ, எதுவாகவும் இருந்துவிட்டுப் போகட்டும். அவள் மாடிப்படிக்குப் போய்ப் பையை எடுத்தாள். பின்கட்டில் டிரைவர் காரைத் துடைத்துக்கொண்டிருந்தார். இந்த வீட்டில் அவளிடம் மனிதனாகப் பேசுகிற ஒரே ஆள்.

"அண்ணா, பஸ் நிலையம் வரைக்கும் விட்டுடறீங்களா?"

"இந்தக் கூட்டத்துல வண்டியா? எறும்புகூடத் திரும்ப முடியாது. பேசாம நடந்துடு டிகிரி. நாளைலேருந்து டீச்சரம்மா. எங்களையெல்லாம் பெஞ்சு மேல ஏத்திடாத." சிரித்தார். அவளுக்கும் சிரிப்பு வந்தது, இன்றைக்கு முதல் தடவையாக. அடைத்திருந்த மூச்சு வெளியே வந்தது.

"வர்றேன்ணா. உடம்பைப் பாத்துக்குங்க."

அவர் தலையாட்டிவிட்டுக் குனிந்து துணியைப் பிழிந்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

"அவள் பையைத் தோளில் மாட்டினாள் கமா பின்பக்கக் கதவு பூட்டியிருப்பதைப் பார்த்தாள் புள்ளி."

அவள் பார்த்தாள். பூட்டியிருந்தது.

"அண்ணா?"

அவர் கண்ணைத் திறக்கவில்லை. துணியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. அது அவருடைய பேச்சே இல்லை. அவர் பேச்சில் 'பார்த்தாள்' கிடையாது, 'பாத்தா'தான். இது அச்சுப் பேச்சு. கொலைக்கு மேல் கொலையாக அவள் தட்டிக் கொடுத்த பேச்சு.

கூடத்துக்குள் ஓடினாள். பெட்டியைப் பார்க்காமல் கடந்தாள். எழுத்தாளரின் மனைவி அதே நிலையில் சாய்ந்திருந்தாள், கண்கள் மூடி. "அவள் கூடத்தைக் கடந்தாள் புள்ளி. பெட்டியைப் பார்க்கவில்லை புள்ளி."

வாக்கியம் குறுகிவிட்டது. ஓடுகிற பெண்களை அவர் எப்போதும் குட்டிக் குட்டி வாக்கியங்களில்தான் சொல்லுவார். வாக்கியம் சின்னதாக ஆக ஆக ஓடுகிறவளுக்கு ஆயுள் குறைகிறது என்று அர்த்தம். ஏன் சார் ஓடறவளையே கொல்றீங்க என்று ஒரு நாள் கோபத்தில் கேட்டுவிட்டாள். அவர் கண்ணைத் திறக்காமலே சொன்னார். "ஓடாதவளை எவன் படிப்பான்?"

வாசற்படியில் செருப்பைத் தேடும்போது கைப்பேசி அதிர்ந்தது. அம்மா. அவள் அம்மா எழுத்துக்கூட்டக்கூட அறியாதவள். கைநாட்டு வைத்தே காலத்தை ஓட்டியவள். கண்ணில் நீர் முட்ட அவள் காதில் வைத்தாள்.

"அம்மா, கிளம்பிட்டேன்மா. பஸ்ஸுக்குப் போறேன்."

"சாப்பிட்டியாடி?"

"இல்லம்மா. போற வழில."

"பஸ்ஸுல ஜன்னலோரமா உக்காரு. பையை மடியிலயே வெச்சுக்கோ." அம்மா கொஞ்சம் இருமினாள். பிறகு அம்மாவின் குரலிலேயே, பாசம் கொஞ்சமும் குறையாமல், "அவள் ஒரு செருப்பை மட்டும் மாட்டினாள் கமா" என்றாள். ஒரு மூச்சு நின்றது. "மற்றொன்றைக் காணவில்லை புள்ளி."

அவள் கைப்பேசியைக் கீழே போட்டாள்.

ஒற்றைச் செருப்போடு இறங்கினாள். வாசல் கதவைத் தள்ளினாள். தெரு முழுக்க ஜனம். நெருக்கியடித்து நின்ற பெரியவர்கள், இடுப்பில் குழந்தையோடு பெண்கள், மிதிவண்டியைப் பிடித்தபடி ஆண்கள். எல்லாருக்கும் கண் மூடியிருந்தது. எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள். கத்தவில்லை. அலுத்துப்போன, கனிந்த, மெதுவான குரல்.

"வெளியே வந்தாள் புள்ளி."

வழி இல்லை. சுவரோரமாக நகர்ந்தாள்.

"நகர்ந்தாள் புள்ளி."

"விடுங்க. எனக்கு நாளைக்கு வேலை இருக்கு. நான் போகணும்." தன் குரலைத் தானே கேட்டாள். அதில் கமாவோ புள்ளியோ இல்லை. அந்தத் தெருவில் அப்படி ஒலித்த ஒரே குரல் அதுதான். "நான் அவரோட கதையில இல்ல. நான் எழுதினவ."



நின்றாள்.

"நின்றாள்."

புள்ளி வரவில்லை. அவள் காத்திருந்தாள். கூட்டமும் காத்திருந்தது. வெளிச்சம் வடிந்துகொண்டிருந்தது. ஒரு குழந்தை சிணுங்கி அடங்கியது.

பிறகு அத்தனை கண்களும் திறந்தன. ஆசையான கண்கள். விடிய விடியக் கீழே வைக்காமல் படிக்கிறவர்களின் கண்கள்.

வலது கைகள் உயர்ந்தன. நாக்குகள் வெளியே வந்தன. ஒவ்வொருவரும் ஆள்காட்டி விரலின் நுனியை நாக்கில் தொட்டு நனைத்துக்கொண்டார்கள். தெரு முழுக்க மெல்லிய ஈரச் சத்தம்.

விரல்கள் அவள் பக்கம் நீண்டன. ஓரத்தைத் தேடின.

கண்ணாடி போட்ட பெண்மணியின் விரல்தான் முதலில் எட்டியது. காதோரம். சில்லென்று. லேசாக ஒரு தேய்ப்பு. அவள் முகத்தின் விளிம்பு, தாள் பிரிகிற சத்தத்தோடு, மேலே எழும்பியது.