கீழ்த்தளத்துக்கு ஒரு பெட்டி

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மழை அப்போதுதான் விட்டிருந்தது. முன்னொரு காலத்தில் வங்கிப் பெட்டகங்கள் இருந்த கட்டடமாம் அது. கனத்த கல் சுவர், குறுகிய ஜன்னல்கள், வாசலுக்கு மட்டும் புதிதாக ஒரு கண்ணாடிக் கதவு. அதைத் தாண்டி உள்ளே காலை வைத்ததும் என் கைப்பேசியில் டவர் கோடுகள் ஒவ்வொன்றாக அணைந்தன.

"பாத்தியா, வாசல்லயே நம்மள ஊமையாக்கிடுச்சு," என்றார் அண்ணி.

அவர் என் அண்ணனின் மனைவி. அலுவலகங்களுக்கு வைஃபை அமைத்துக் கொடுப்பது எங்கள் இருவரின் தொழில். எந்த இடத்துக்கு எந்த ஆக்சஸ் பாயிண்ட், அதாவது சிக்னல் தரும் பெட்டி, பொருந்தும் என்று பார்த்துச் சொல்வது அண்ணி. ஏணியில் ஏறி அந்த வெள்ளைப் பெட்டியைக் கூரையில் மாட்டுவது நான். "மூளை அவளுக்கு, முட்டி உனக்கு" என்று அண்ணன் கேலி செய்வான்.

மேலாளர் எங்களைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மடிப்புக் கலையாத சட்டை, அறை முழுக்க வாசனைத் திரவிய நெடி. ஆனால் கண்ணுக்குக் கீழே கருவளையம்.

"இங்க செல் டவர் உள்ள வராது, மேடம். போன் பேசறதே வைஃபைலதான். அதுல ஒரு ஓட்டை விழுது. நல்லா பேசிட்டே இருப்பேன், திடீர்னு கட்டாயிடும்."

"எந்த இடத்துல, சார்?"

அவர் கொஞ்சம் தயங்கினார்.

"அதான் பிரச்சினை. ஓட்டை நகருது."

நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

சோதனைக்கு மூன்று விதமான பெட்டிகள் கொண்டுபோயிருந்தோம். ஒவ்வொன்றாக நீண்ட கம்பத்தின் நுனியில் கட்டி நடுக்கூடத்தில் நிறுத்தினேன். அண்ணி மடிக்கணினியைக் கைக்குழந்தை மாதிரி இடுப்போடு அணைத்துக்கொண்டு மேசைக்கு மேசை நடந்தார். அவர் நடக்க நடக்கத் திரையில் அலுவலகத்தின் வரைபடம் நிறம் பிடித்தது. சிக்னல் நன்றாக இருந்தால் பச்சை, மங்கினால் மஞ்சள், செத்த இடம் சாம்பல்.

முதல் பெட்டி கல் சுவரைத் தாண்டவில்லை. இரண்டாவதுக்கு நல்ல வேகம். அதையே போட்டுவிடலாம் என்றேன். அண்ணி வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

"இது நல்லா கத்துது, அவ்வளவுதான். கத்தறது பெரிசில்லடா. அந்தக் கோடியில இருக்கற போன் சின்னது, மெதுவாத்தான் பேசும். அது பேசறது இதுக்குக் காதுல விழணும். கேக்கற பெட்டிதான் நல்ல பெட்டி."

மூன்றாவதுதான் அப்படிக் கேட்கும் பெட்டி. அதை ஏற்றியதும் திரை முழுக்க வயல் மாதிரி பச்சை.

ஓர் இடத்தைத் தவிர.

கீழ்த்தளத்துக்குப் போகும் படிக்கட்டின் தலைப்பில் ஒரு சாம்பல் திட்டு. ஓர் ஆள் நிற்கும் அகலம்.

"இங்க தூண் ஏதாவது இருக்கா?" என்றேன்.

"இல்ல." அண்ணியின் குரல் இறங்கிவிட்டது. "மனுஷ உடம்புல பாதிக்கு மேல தண்ணி. தண்ணி சிக்னலைக் குடிச்சிடும். நடுவுல ஒரு ஆள் நின்னா இப்படித்தான் காட்டும்."

"அங்கதான் யாருமே இல்லையே, அண்ணி."

படிக்கட்டிலிருந்து ஒரு வாடை மேலே வந்தது. மூடிக்கிடந்த காகிதம் ஈரத்தில் ஊறிய வாடை. அதோடு ஒரு மெல்லிய சத்தம். யாரோ புல்லாங்குழலை ஊதத் தெரியாமல், காற்றை உள்ளே இழுக்கிற மாதிரி.

சாப்பிட்டுவிட்டு வந்து மறுபடியும் அளந்தோம்.

திட்டு படிக்கட்டில் இல்லை.

மேலாளரின் அறை வாசலில் நின்றது.

வரவேற்பு மேசையில் இருந்த பெண் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் அண்ணியும் தண்ணீர் பிடிக்கப் போனபோது பின்னாலேயே வந்தாள்.

"அக்கா, உங்க கம்ப்யூட்டர்ல அவ தெரியறாளா?"

"யாரு?"

அவள் மேலாளரின் அறையை ஒரு முறை எட்டிப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்.

கீழ்த்தளத்தில் கோப்பறை. அதைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண் இருந்தாள். வீட்டில் அவளும் அவள் அம்மாவும்தான். அவளுக்கு இளைப்பு, அதாவது ஆஸ்துமா. தூசியில் வேலை செய்கிறவள் என்பதால், கீழே ஒரு வைஃபை பெட்டி போடுங்கள், மூச்சு முட்டினால் மேலே போன் பண்ணவாவது முடியும் என்று மேலாளரிடம் கேட்டாள். ஒரு முறை இல்லை, பல முறை. கடைசியாகக் கேட்டது எல்லோரும் இருந்த கூட்டத்தில்.

"கீழ எதுக்கு? எலிங்களா போன் பேசப்போகுது?" என்றாராம் மேலாளர். கூட்டமே சிரித்ததாம்.

அடுத்து வந்தது நீண்ட விடுமுறை. அதற்கு முந்தின மாலை அவள் கீழேதான் இருந்தாள். மருந்து வைத்த கைப்பை மேலே இருந்தது.

"செக்யூரிட்டி வந்து எல்லாரும் போயாச்சான்னு கேட்டார். எனக்கு பஸ்ஸுக்கு அவசரம். எட்டிப் பாக்காமலே போயாச்சுன்னுட்டேன்." அவள் வாசல் பக்கம் ஒரு முறை பார்த்துக்கொண்டாள். "கீழ ஏதோ தட்டற சத்தம் கேக்குதேன்னார். எலிதான் போன் பேசுதுன்னு நான் சொன்னேன். ரெண்டு பேரும் சிரிச்சோம், அக்கா. சிரிச்சுக்கிட்டேதான் அவர் கோப்பறைக் கதவைப் பூட்டினார்."

விடுமுறை முடிந்து திறந்தபோது அவள் அலமாரிமேல் ஏறி உட்கார்ந்த நிலையில் கிடந்தாளாம். கை மட்டும் விறைத்து மேலே தூக்கியபடி. கையில் கைப்பேசி. கூரையோடு ஒட்டிப் பிடித்தால் ஒரு கோடாவது வராதா என்று பார்த்திருக்கிறாள்.

"நோய்ல செத்தான்னு முடிச்சிட்டாங்க. அவ அம்மா வந்து ஒப்பாரி வைக்கல, சண்டை போடல. மகளோட போனை மட்டும் வாங்கிட்டுப் போனாங்க."

அன்று மாலை அண்ணி மேலாளரிடம் வரைபடத்தை நீட்டினார். எல்லாம் மூன்றாவது வகைப் பெட்டி. கூடத்தில், கூட்ட அறையில், அவர் அறையில். கீழ்த்தளத்திலும் ஒன்று.

அவர் சிவப்புப் பேனாவை எடுத்துக் கீழ்த்தளத்தை அடித்தார்.

"கீழே வேண்டாம்."

"சார், அங்கதான் முதல்ல வேணும்."

"மேடம், ஒரு பெட்டி கூட வைக்கறதுல எனக்கென்ன நட்டம்? ஆனா இப்ப வச்சேன்னா, முன்னாடி வைக்காதது தப்புன்னு நானே எழுதிக்கொடுத்த மாதிரி ஆகும். புரியுதா?"

"சார்..." அண்ணி மேசையைப் பிடித்துக்கொண்டார். "உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். அங்க ஒண்ணு போட்டுடுங்க. என் கைக்காசுல வேணா வாங்கித் தரேன்."

"அங்க எலிதான் இருக்கு," என்றார் அவர்.

விளக்கு ஒரு முறை மங்கி எரிந்தது. வாசனைத் திரவிய நெடியை அமுக்கிக்கொண்டு அந்த ஈரக் காகித வாடை எழுந்தது. அண்ணியின் மடியில் கணினி திறந்தே இருந்தது. நான் பார்த்தேன்.

நாங்கள் அளக்காமலே திட்டு இப்போது அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்றது.

வெளியே வந்ததும், இந்த வேலையே வேண்டாம், கிளம்பலாம் என்றேன். அண்ணி கேட்கவில்லை. "பெட்டியை மாட்டிட்டா எல்லார் போனும் வேலை செய்யும். அந்த ஆளுக்கு ஏதாவது ஆனா கூப்பிடவாவது வழி இருக்கும்," என்றார். கேட்கிற பெட்டிமேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

வெள்ளிக்கிழமை மதியம் கடைசிப் பெட்டியையும் மாட்டி முடித்தேன். நல்ல வெயில். குறுகிய ஜன்னல்கள் வழியே அது பட்டை பட்டையாகத் தரையில் விழுந்திருந்தது. எல்லோர் கைப்பேசியிலும் முழுச் சிக்னல். மேலாளர் கூடத்தின் நடுவே வந்து நின்றார்.

"இனிமே இந்த ஆபீஸ்ல ஒரு மூலைகூட பாக்கி இல்ல..."

அண்ணி என் கையை இறுக்கிப் பிடித்தார். திரையைக் காட்டினார்.

படிக்கட்டிலிருந்து திட்டு வந்துகொண்டிருந்தது.

அவசரமே இல்லாமல் வந்தது. ஊழியர்களுக்கு நடுவே, ஒருவரையும் தொடாமல். அது கடக்கும்போது ஒவ்வொருவரும் தோளைக் குறுக்கிக்கொண்டார்கள், ஏன் என்று தெரியாமலே.

மேலாளருக்கு எதிரே வந்து நின்றது.

அவர்மேல் சாய்ந்தது.

அவர் பேச்சு நின்றது. வாயைத் திறந்து காற்றை இழுத்தார். அந்தச் சத்தம் வந்தது. ஊதத் தெரியாத குழல். அவர் தொண்டையிலிருந்து.

அவர் முழங்கால் மடங்கி விழுந்தார். யாரோ ஆம்புலன்ஸ் என்று கத்தினார்கள். எல்லோரும் கைப்பேசியை எடுத்தார்கள்.

ஒரு கோடுகூட இல்லை.

அண்ணியின் திரை ஓரம் முதல் ஓரம் வரை சாம்பலாகிக்கொண்டிருந்தது. என் தலைக்கு மேலே பெட்டிகளின் நீல விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கண் மூடின. கண்ணாடிக் கதவு அட்டையைக் காட்டினால் திறக்கிற கதவு. அதுவும் இதே வைஃபையில்தான் ஓடியது. திறக்கவில்லை. நாற்காலியால் அடித்தார்கள். கீறல்கூட விழவில்லை.

யார் முதலில் செய்தது என்று தெரியாது. ஒருவர் கைப்பேசியைக் கூரைப் பக்கமாக உயர்த்தினார். அடுத்தவரும் உயர்த்தினார். கொஞ்ச நேரத்தில் கூடம் முழுக்கத் தூக்கிய கைகள். மேசைமேல் ஏறி, நுனிக்காலில் நின்று, எல்லோரும் கூரையைப் பார்த்துக்கொண்டு.

தரையில் அவரும் கையைத் தூக்கினார்.

"கீழ," என்றார் அண்ணி திடீரென்று. "கீழ வா! அவ இப்ப மேல இருக்கா!"

அவர் படிக்கட்டில் ஓடினார். எனக்குப் போக மனமில்லை. ஆனால் அண்ணியைத் தனியே விட முடியுமா? ஓடினேன். கோப்பறைக் கதவு திறந்தே கிடந்தது. உள்ளே இருட்டு, கோப்புகள், அந்த வாடை. அண்ணியின் முகம் கைப்பேசி வெளிச்சத்தில் தெரிந்தது.

முழுச் சிக்னல்.

நாங்கள் ஒரு பெட்டியும் மாட்டாத இடத்தில்.

அவசர எண்ணை அழுத்தினார். ஒரே மணியில் எடுத்துவிட்டார்கள்.

"இங்க ஒருத்தருக்கு மூச்சு முட்டுது! சீக்கிரம் வாங்க, உள்ள மாட்டிக்கிட்டோம்!"

எதிர்முனையில் இழுத்து இழுத்து விடும் மூச்சு. பிறகு ஒரு பெண்ணின் குரல், பொறுமையாக.

"உள்ள யாரும் இல்லையே. எல்லாரும் போயாச்சு."

"நீ பெட்டி கேட்டது நியாயம்தாம்மா," அண்ணி அழுதுவிட்டார். "நீ யாருன்னு எனக்குத் தெரியும். நான் உனக்குப் பெட்டி போட்டுத் தரேன். அந்த ஆளை விட்டுடும்மா."

மறுபடியும் அந்த இழுத்து விடும் மூச்சு.

"எலி," என்றது குரல். "எலிதான் தட்டுது."

மேலே எதுவோ தரையைத் தட்டிக்கொண்டிருந்தது. குதிகால் என்று நினைக்கிறேன். தட்டல் தளர்ந்தது. நின்றது.

அப்போதுதான் மேலே அத்தனை கைப்பேசிகளும் ஒரே சமயத்தில் ஒலித்தன.

நாங்கள் ஏறி வந்தபோது விளக்குகள் நீலமாக எரிந்தன, கதவு தானாகத் திறந்திருந்தது. மேலாளர் மல்லாந்து கிடந்தார். கை மட்டும் விறைத்து மேலே நின்றது. ஆம்புலன்ஸில் ஏற்றும்போதுகூட அதை மடக்க முடியவில்லை.

மருத்துவர்கள் மாரடைப்பு என்றார்கள். அண்ணி அதன்பிறகு பல நாள் போனையே தொடவில்லை. மணி அடித்தால் அண்ணன்தான் எடுப்பான்.

விட்டுவந்த ஏணியையும் கம்பத்தையும் எடுக்க நான் தனியாகத்தான் போனேன். வரவேற்பு மேசைக்கு முன்னால் ஒரு வயதான அம்மா நின்றிருந்தார். துவைத்து மடித்த சேலை, எண்ணெய் வைத்து வாரிய தலை. துணியில் சுற்றிய எதையோ என்னிடம் நீட்டினார்.

"தம்பி, நீங்க போன் வேலை பாக்கறவரா? இது என் மகளோடது. கொஞ்சம் பாத்துச் சொல்றீங்களா?"

பிரித்தேன். பழைய கைப்பேசி. பின்மூடியைக் கழற்றினேன். பேட்டரியும் இல்லை, சிம்மும் இல்லை.

"இது வேலை செய்யாதும்மா."

"எனக்கும் தெரியும். நான்தான் கழட்டி அலமாரியில வச்சேன். ஆனா வெள்ளிக்கிழமை மத்தியானம் இதுலேர்ந்து எனக்குப் போன் வந்துச்சு. அவதான் பேசினா."

வரவேற்புப் பெண்ணின் விரல்கள் மேசை விளிம்பில் அசையாமல் நின்றன. வாசலில் செக்யூரிட்டி திரும்பிப் பார்த்தார்.

"என்ன... என்ன பேசினாங்க?"

அந்த அம்மா அழவில்லை. முகத்தில் நிறைவு மாதிரி ஏதோ ஒன்று இருந்தது.

"'லைன் கிடைச்சிடுச்சும்மா'ன்னா. நல்லா மூச்சு விட்டுப் பேசினா, தம்பி. 'ஆபீஸ்ல இன்னும் ரெண்டு பேர் பாக்கி இருக்காங்க, வர லேட்டாகும், நீ சாப்பிட்டுட்டுப் படு'ன்னா."

கைப்பேசியை என்னிடமிருந்து வாங்கி மறுபடியும் துணியில் சுற்றினார். பிறகு மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவளைப் பார்த்துச் சாதாரணமாகக் கேட்டார்.

"அந்த ரெண்டு பேர் யாருன்னு தெரியுமாம்மா? எப்ப முடியும்னு தெரிஞ்சா, அவளுக்கும் சேத்து சமைச்சு வச்சிடுவேன்."