அண்ணனின் மட்டையில் ஒரு வெடிப்பு

குருநகரில் ஜெசிதாவின் வீட்டு அலுமாரிக்கு மேலே ஒரு கிரிக்கெட் மட்டை இருந்தது. அதை யாரும் தொடக்கூடாது. தொட்டால் ஜெசிதாவுக்குக் கோபம் வரும். அவளுக்குக் கோபம் வந்தால் வாசலுக்கு முன்னால் போகும் குறுகிய ஒழுங்கை முழுவதும் கேட்கும்.

மட்டை அவளுடைய அண்ணன் றொகானுடையது. கட்டாருக்கு வேலைக்குப் போகும்போது, "இதைப் பாத்துக்கொள்ளு, பிள்ளை. நான் வந்தாப்பிறகு விளையாடுவம்" என்று சொல்லி அவளிடம் கொடுத்துவிட்டுப் போனான்.

அவளும் பார்த்துக்கொண்டாள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அண்ணாந்து அலுமாரியைப் பார்ப்பாள். மட்டை வைத்த இடத்தில் இருக்கும். அண்ணன்தான் இருக்க மாட்டான்.

மாலையில் பிள்ளைகள் விளையாடும் சத்தம் கேட்டால் அவளுக்கு ஏக்கமாக இருக்கும். முன்பெல்லாம் அண்ணன் அடிப்பான், அவள் ஓடி ஓடிப் பந்து பொறுக்குவாள். அப்போது அலுத்துக்கொண்டுதான் பொறுக்கினாள். இப்போது அந்தப் பந்து பொறுக்கும் வேலைக்கே ஆசையாக இருந்தது.

கிறிஸ்து பிறப்பான நத்தாருக்கு வருவதாக அண்ணன் தொலைபேசியில் சொன்னான். உடனே ஜெசிதா கதிரையில் ஏறி மட்டையை இறக்கினாள். தூசு துடைத்துத் திருப்பிப் பார்த்தவளுக்குப் பகீரென்றது. அடிப்பக்கத்தில் விரல் நீளத்துக்கு ஒரு வெடிப்பு.

"ஒருத்தரும் தொடேல்லையே. பிறகேன் அப்பா வெடிச்சது?"

அப்பா கிறிஸ்துநாயகம் வலையின் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தார்.

"கூரை தகரச் சீற்று. வெயில் முழுக்க அந்த அலுமாரிக்கு மேலைதான் இறங்குது. மரம் காயாமல் என்ன செய்யும்?" என்றார்.

மரம் காய்ந்தால் எண்ணெய் பூச வேண்டும். கடற்கரைப் பிள்ளைக்கு அதை யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. அப்பா தன் மரவள்ளத்துக்குப் பூசும் மீனெண்ணெய் கொட்டிலில் இருந்தது. ஜெசிதா கஞ்சத்தனம் பார்க்கவில்லை. மட்டை சொட்டச் சொட்டப் பூசினாள்.

மறுநாள் காலை ஒழுங்கையில் இருந்த பூனைகள் எல்லாம் அவர்கள் வாசலில் கூடியிருந்தன. பக்கத்து வீட்டு டிலக்சன் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தான்.

"ஜெசிதா, உங்கடை வீட்டிலை இண்டைக்குச் சுறாவோ?"

"இல்லை. மட்டை."

"மட்டையைக் கறி வைக்கிறியளோ?"

அவள் வெடிப்பில் மரப்பசையைத் தடவினாள். பசை வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. இன்னொரு தரம் தடவினாள். மறுபடியும் வந்தது. எண்ணெயில் ஊறிய மரத்தில் பசை எப்படிப் பிடிக்கும்? அவளுக்கு அழுகையாக வந்தது. அண்ணன் வரும்போது எதைக் கொடுப்பாள்?

கொஞ்ச நேரம் மட்டையை மடியில் வைத்துக்கொண்டு யோசித்தாள். வள்ளம் நாள் முழுக்கத் தண்ணீரில் கிடக்கிறது. மட்டை தண்ணீரைக் காண்பதே இல்லை. இரண்டுக்கும் ஒரே மருந்து சரிவராது என்று அவளுக்கு அப்போது விளங்கியது.

பழைய துணியால் எண்ணெயை ஒற்றி எடுத்தாள். அரத்தாளால் தேய்த்தாள். பிறகு நிழலில், காற்றுப் படும் இடத்தில் சாத்தி வைத்தாள். பூனைகள் நம்பிக்கை இழந்து ஒவ்வொன்றாகப் போகும்வரை பொறுத்திருந்தாள்.

அதன்பிறகு ஓர் ஈர்க்கால் பசையை வெடிப்பின் அடிவரை செலுத்தினாள். இந்த முறை பசை பிடித்தது. அதற்கு மேல் வலைநூலை இறுக்கமாகச் சுற்றத் தொடங்கினாள். நூலின் மறுமுனையை டிலக்சன் பிடித்துக்கொண்டான்.

"இழு. இன்னும் இழு."

"என்ரை கை வெடிக்கப்போகுது."

"பரவாயில்லை. பசை மிச்சம் இருக்கு."

பசை காய்ந்ததும் மட்டை கல்லுப்போல் இருந்தது. டிலக்சன் ஆசையோடு பார்த்தான்.

"ஒருக்கா அடிச்சுப் பாப்பமோ?"

"இல்லை. அண்ணை வந்துதான் முதல் பந்து."

இந்த முறை மட்டையை வெயில் இறங்காத கட்டிலுக்குக் கீழே வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அண்ணன் வீடியோ அழைப்பு எடுத்தான். அவன் முகத்தைப் பார்த்ததுமே ஜெசிதாவுக்கு விளங்கிவிட்டது.

"லீவு தரேல்லை, பிள்ளை. நத்தாருக்கு வரேலாது."

ஜெசிதா கட்டிலுக்குக் கீழே இருந்த மட்டையை எடுத்துக் காட்டினாள்.

"இது வெடிச்சுப்போச்சு, அண்ணை. நான் ஒட்டியிருக்கிறன்."

றொகான் திரைக்குப் பக்கத்தில் வந்து பார்த்தான். "வடிவாச் சுத்தியிருக்கிறாய். அடிச்சுப் பாத்தியோ?"

"இல்லை. நீங்கள் வந்து அடிக்கத்தான்..."

அண்ணன் மற்றப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்தான். ஜெசிதா அதைப் பார்த்துவிட்டாள். இவ்வளவு நாளும் தனக்கு மட்டும்தான் ஏக்கம் என்று நினைத்திருந்தாள். அவனுக்கு அங்கே அலுமாரிக்கு மேலே பார்க்க ஒரு மட்டைகூட இல்லை.

"அண்ணை, போனை வையாதேங்கோ. கொஞ்சம் பொறுங்கோ."

மட்டையோடு ஒழுங்கைக்கு ஓடினாள். தொலைபேசியை மதிலில் சாத்தினாள். "டிலக்சன், பந்து போடு" என்றாள். அவன் காரணம் கேட்கவில்லை.

பந்து வந்தது. அடித்தாள். டொக்கென்று ஒழுங்கை முழுவதும் கேட்டது. நூல் நழுவவில்லை. வெடிப்பும் திறக்கவில்லை.

ஓடிப்போய்த் தொலைபேசியைப் பார்த்தாள். படம் அசையாமல் நின்றுபோயிருந்தது.

"அண்ணை, கேட்டதோ?"

றொகானின் குரல் மட்டும் வந்தது.

"ஓம். இன்னொருக்கா அடி, பிள்ளை."

அவள் அடித்தாள். டிலக்சன் பந்து பொறுக்கிக் களைக்கும்வரை அடித்துக்கொண்டே இருந்தாள். அண்ணன் கேட்டுக்கொண்டே இருந்தான்.