கையை விட்டவள்

காலை ஆறரை மணிக்குக் கூடத்துச் சுவரில் இருந்த செவிப்பலகை பச்சையாக ஒளிர்ந்தது. அதற்கு முன்பே மிக்கேல் எழுந்து மகளுக்குப் பால் காய்ச்சிவிட்டு, ஒரு முக்காலியை இழுத்துப் பலகைக்கு முன்னால் போட்டிருந்தான். அவன் மனைவி கித்தேரி அதில் வந்து உட்கார்ந்தாள். அவன் பலகையின் பக்கத்தில், அவள் கண்ணுக்கு நேராக நின்றுகொண்டான். பலகைக்குக் காது மட்டும்தான் உண்டு, கண் கிடையாது. எண்பத்தொரு நாளாக அந்தக் குடும்பம் அந்த ஒரு குறையை நம்பித்தான் காலம் தள்ளிக்கொண்டிருந்தது.

"உங்கள் பெயர்?" என்றது பலகை.

"கித்தேரி."

"பிறந்த ஊர்?"

அவள் உதடு வேறொரு ஊரைச் சொல்லத் தயாரானது. மிக்கேல் அவசரமாகத் தலையை ஆட்டி, விரலால் தரையைக் காட்டினான். "தூத்துக்குடி" என்றாள்.

"மகளின் பெயர்?"

அவன் உள்ளறையைக் காட்டினான். அங்கே எட்டு வயது மகள் போர்வைக்குள் சுருண்டு கிடந்தாள். கித்தேரி அந்தப் பக்கம் பார்த்தாள். நாக்கு நுனியில் ஒரு பெயர் வந்து நின்றதும், அதை அவள் விழுங்கியதும் அவனுக்குத் தெரிந்தது. "ரோஸ்லின்" என்று சொல்லி முடிப்பதற்குள் மூன்று நொடி கடந்துவிட்டது.

பத்துக் கேள்வியும் முடிந்ததும் பலகை ஏழு மதிப்பெண் என்றது. கதவு இன்று திறக்காது என்றது. பிறகு அணைந்தது.

கடல் ஊருக்குள் வரத் தொடங்கிய பிறகு கட்டிய மதிலை, நீருக்கடியில் போய்ப் பழுதுபார்ப்பதுதான் கித்தேரியின் வேலை. ஆறு மாதம் அடிநிலையத்தில், ஆறு மாதம் வீட்டில். அங்கே சேற்று நீரில் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. அதனால் இருவர் இருவராகச் சேர்த்து, காதுக்குப் பின்னால் இணையிழை என்ற ஒன்றைப் பொருத்துவார்கள். ஒருத்தி பார்ப்பது மற்றவளுக்கும் தெரியும், ஒருத்தி கை நோவது மற்றவளுக்கும் நோகும். ஆறு மாதம் முடிந்ததும் இருவரையும் அருகருகே படுக்கவைத்துப் பிரித்து, அவரவர் நினைவை அவரவரிடம் ஒப்படைத்து வீட்டுக்கு அனுப்புவார்கள்.

ஒருத்தி திரும்பி வராவிட்டால் பிரிக்க முடியாது, அவள் நினைவும் மற்றவளோடே வீட்டுக்கு வந்துவிடும். கித்தேரியின் இணையான கீழக்கரை ஹமீதா திரும்பி வரவில்லை.

அப்படி வருகிறவர்களை ஈருளத்தார் என்றது சட்டம். அவர்கள் கையில் காவல்வளை மாட்டி, வீட்டு வாசலைத் தாண்டாதபடி செய்தது. பத்துக்குப் பத்து என்று ஏழு நாள் தொடர்ந்து வாங்கினால் கதவு திறக்கும். அது முடியாதவர்களுக்கு நினைவுக் கழுவல் உண்டு. ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால் போதும், இறந்தவளின் நினைவை மட்டும் எடுத்துவிடுவார்கள். மிக்கேல் அந்தத் தாளை வாங்கிவந்து ஒரு மாதமாகிறது. பைபிளுக்குள் வைத்திருந்தான். அங்கே வைத்தால் அது பாவமாகாது என்று ஒரு நினைப்பு.

கித்தேரி விடியுமுன் எழுந்து தலையில் முக்காடிட்டு மேற்கே பார்த்து நிற்பாள். பிறகு திடுக்கிட்டுச் சிலுவை போட்டுக்கொள்வாள். அதையெல்லாம் அவனால் பொறுத்துக்கொள்ள முடிந்தது. எந்தத் திசையில் கும்பிட்டாலும் கேட்கிறவர் ஒருவர்தானே என்று நினைப்பவன் அவன். தண்ணீர்தான் அவளுக்குப் பெரிய துன்பம். குழாய் திறக்கும் சத்தம் கேட்டால் உடம்பு விறைத்துவிடும். முகம் கழுவ மாட்டாள், ஈரத்துணியால் துடைத்துக்கொள்வாள். மூழ்கிச் செத்ததும் அவளுக்கு நினைவிருந்தது, அதை மேலிருந்து பார்த்ததும் நினைவிருந்தது.

அன்று மாலை ரோஸ்லினின் கூட்டாளிகள் இரண்டு பேர் வந்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மூவருக்கும் புதுநன்மை, கோவிலில் முதல் தடவையாக நற்கருணை வாங்கும் நாள். வெள்ளைக் கவுன் அளவு பார்க்கும்போது கித்தேரி மகளைக் கட்டிக்கொண்டு, "என் நூரு எவ்வளவு வளந்துட்டா" என்றாள். பிள்ளைகள் சிரித்தார்கள். ரோஸ்லின் சிரிக்கவில்லை. அவர்கள் போன பிறகு அப்பாவின் அருகில் வந்து, தணிந்த குரலில் கேட்டாள்.

"அப்பா, அம்மா எப்ப வருவாங்க?"

அடுப்படியில் கித்தேரி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தியின் சத்தம் நின்றது.

மிக்கேல் பைபிளைத் திறந்து தாளை எடுத்துப்போய் அவள் முன்னால் வைத்தான். நல்ல மனிதர்கள் செய்கிற கொடுமை எல்லாமே இப்படித்தான், சத்தமில்லாமல், அன்பாக நடக்கும். அவள் தாளைப் பார்த்தாள். அவன் கையைப் பிடித்துக் குளியலறைக்குக் கூட்டிப்போனாள். இறந்தவளின் நினைவை வெளியே சொல்வது குற்றம், எழுதிவைப்பதும் குற்றம். கழுவலுக்கு முன்னால் வீட்டைச் சல்லடை போட்டுத் தேடுவார்கள். பலகை அணைந்திருந்தாலும் அதன் காது குளியலறை வரை எட்டும். அதனால் அவளே குழாயைத் திறந்தாள். தண்ணீர் கொட்டிய சத்தத்தில் அவள் பல் கிட்டியது. சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு பேசினாள்.

மதில் சரிந்தபோது தூக்குவடம் அவள் இடுப்பில் மாட்டியிருந்தது. அந்த வடம் ஒருத்தியைத்தான் தூக்கும். ஹமீதாவின் கையை அவள் பிடித்திருந்தாள். வடம் இருவரையும் இழுக்க முடியாமல் நின்றுவிட்டது. காற்று தீர்ந்துகொண்டே வந்தது.

"நான் கையை விட்டுட்டேன்னுதான் விசாரணையில சொன்னேன். விட்டதும் நெசந்தான். விரலைத் தளத்தினது எனக்குத் தெரியும். ஆனா அவ பக்கத்து நெனைப்பும் எங்கிட்ட இருக்குல்லா. அவ எனக்கு முன்னாலயே கையை விரிச்சிட்டா. ஒரு மூச்சு முன்னால. 'நான் விட்டாத்தான் இவ போவா, இவ பிள்ளை முழிச்சிட்டு இருக்கும்'னு நெனச்சா. பயம் இருந்துச்சு. கோவம் இல்ல. எம்மேல கொஞ்சங்கூட கோவம் இல்ல."

மிக்கேல் அவளுக்கு இன்னும் அருகில் வந்து நின்றான்.

"நாளைக்குக் கழுவினா இது எனக்குத் தெரியாது. நான் விரலைத் தளத்தினது மட்டுந்தான் மிஞ்சும். நீங்க இத வச்சிருந்து எனக்குச் சொல்லணும்."

அப்போதே அவன் அந்தத் தாளைக் கிழித்திருக்கலாம். கிழிக்க வேண்டும் என்று தோன்றவும் செய்தது. ஆனால் கதவுக்கு வெளியே கவுனைப் போட்டபடி ரோஸ்லின் நின்றுகொண்டிருந்தாள். அவன் குழாயை மூடினான். கித்தேரி கையெழுத்துப் போட்டாள்.

வியாழக்கிழமை அழைத்துப்போனவர்கள் சனிக்கிழமை கொண்டுவந்து விட்டார்கள். காவல்வளையைக் கழற்றினார்கள், பலகையைச் சுவரிலிருந்து எடுத்துக்கொண்டு போனார்கள். "ரோஸ்லின்" என்று தயங்காமல் கூப்பிட்டாள் கித்தேரி. மகள் ஓடிவந்து ஒட்டிக்கொண்டாள். குழாய்ச் சத்தத்துக்குக் கித்தேரியின் உடம்பு விறைக்கவில்லை. நாம் பிழைத்தோம் என்று மிக்கேல் நினைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை கோவிலில் பிள்ளைகளுக்குப் பின்னால் அவரவர் பெற்றோரும் நற்கருணை வாங்க எழுந்தார்கள். கித்தேரி எழவில்லை. மிக்கேல் தோளைத் தொட்டான். "ஒருத்திய விட்டுக் கொன்ன கை" என்று மட்டும் சொன்னாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்தவள் பிறகு வாசல்படி தாண்டவில்லை. கதவு காலை முதல் இரவு வரை திறந்தே கிடந்தது. யாரும் பூட்டவில்லை.

அவன் சொன்னான். குளியலறையில் அவள் சொன்ன ஒவ்வொரு சொல்லையும், சொன்ன வரிசையிலேயே சொன்னான். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவன் முகத்தை இரக்கத்தோடு பார்த்தாள்.

"எண்பது நாளா எனக்கு எல்லாம் சொல்லிக்குடுத்தீங்க. எங்க பொறந்தேன், எதைச் சாப்பிட்டேன், எதுக்குச் சிரிச்சேன், எல்லாத்தையும். ரெண்டு மூணு பொய்யும் சேத்துச் சொன்னீங்க, எனக்கு இப்ப ஞாபகம் வருது. நம்ம கல்யாணத்துல நான் அழல, நீங்க அழுதேன்னு சொல்லச் சொன்னீங்க. இதுவும் அப்படித்தான். நான் தேறணும்னு சொல்லுதீங்க."

அழுதேன் என்று சொன்னால் மதிப்பெண் கூடும் என்று யாரோ சொன்னதை அவன் நம்பியது உண்மைதான். அதன் பிறகும் நான்கு மாதம், வாரம் தவறாமல் குளியலறையில் கேட்டதை அவளிடம் சொன்னான். அவள் தலையசைப்பாள், அவ்வளவுதான். கடைசியில் கீழக்கரைக்கு, ஹமீதாவின் வீட்டுக்கு ஒரு கடிதம் எழுதினான். இன்னதென்று விளக்கவில்லை, வந்து ஒரு வாய் காப்பி குடித்துவிட்டுப் போகும்படி மட்டும் கேட்டிருந்தான்.

ஹமீதாவின் தங்கை சபூரா ஒரு சனிக்கிழமை மதியம் வந்தாள். கூடவே ஹமீதாவின் மகள் நூரு, ரோஸ்லின் வயசுதான். ஓலைப்பெட்டியில் அவர்கள் ஊர் இனிப்பான தொதல் கொண்டுவந்திருந்தார்கள். கித்தேரி அவர்களை நிமிர்ந்து பார்க்கவில்லை. காப்பி போடுவதாகச் சொல்லி அடுப்படிக்குள் போய்விட்டாள். மிக்கேலும் சபூராவும் மழையைப் பற்றிப் பேசினார்கள், பேருந்துக் கூட்டத்தைப் பற்றிப் பேசினார்கள்.

பிள்ளைகளுக்கு அதற்குள் சண்டை வந்துவிட்டது. ஓலைப்பெட்டியை ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தார்கள். நூரு காலை ஊன்றிப் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"விடுடி, பெட்டி கிழியப் போவுது" என்று சபூரா அவளை அதட்டினாள். பிறகு மிக்கேலைப் பார்த்துச் சிரித்தாள். "இவ என்னை மாதிரி, பிடிச்சா விடமாட்டா. இவ உம்மா அப்படியில்ல. சின்னதுல நாங்க ரெண்டு பேரும் எதைப் பிடிச்சு இழுத்தாலும் முதல்ல கையை விடுறது ராத்தாதான். நான் பொத்துன்னு பின்னால விழுவேன். 'ஒரு தடவையாச்சும் கெட்டியாப் பிடியேன்டி'ன்னு வாப்பா ஏசுவாக. அவ சிரிச்சிட்டு நிப்பா."

அடுப்படி வாசலில் காப்பித் தட்டோடு கித்தேரி நின்றிருந்தாள். தம்ளர்கள் ஒன்றோடொன்று மோதிக் கிணுகிணுத்தன. சபூரா எழுந்துபோய்த் தட்டை வாங்கிக்கொண்டாள். ஒரு துண்டுத் தொதலை எடுத்துக் கித்தேரியின் கையில் வைத்து, விரல்களை மடக்கிவிட்டாள்.

விருந்தாளிகளைப் பேருந்தில் ஏற்றிவிட்டு மிக்கேல் திரும்பியபோது கித்தேரி வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள். ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே. தொதல் இன்னும் கைக்குள்ளேயே இருந்தது.

"அதை இன்னொரு தடவை சொல்லுங்க" என்றாள்.

அவன் பக்கத்தில் உட்கார்ந்தான். இத்தனை மாதம் சொல்லிச் சொல்லி அந்தச் சொற்கள் அவனுக்குள் எங்கோ ஊறிப்போயிருந்தன. "தண்ணி கலங்கலா இருந்துச்சு" என்று தொடங்கினான். "வடம் நின்னுபோச்சு. இவ என்னை விடமாட்டான்னு தெரிஞ்சுச்சு. நான்தான் முதல்ல கையை விட்டேன்."

தான் ஹமீதாவைப் போல 'நான்' என்று சொல்லிவிட்டது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. நிறுத்தினான்.

கித்தேரி அவனைத் திருத்தவில்லை. "பயமா இருந்துச்சா?" என்று கேட்டாள்.