ஏழு மணிக் கோபம்

காலை ஏழு மணிக்குள் மகுடீஸ்வரனுக்குக் கோபம் வந்தாக வேண்டும். வராவிட்டால் அன்றைக்கு மருந்து கிடையாது. அதனால் ஆறரைக்கே தமயந்தி ஆரம்பித்துவிடுவாள். போன தீபாவளிக்கு அவன் தங்கச்சி எட்டிப் பார்க்காதது, கல்யாணப் பந்தியில் அவள் அப்பாவுக்கு இலை போட மறந்தது, அவள் அண்ணன் குழந்தைக்குப் பேர் வைக்கிற அன்றைக்கு அவன் சீட்டாடப் போனது என்று பழசையெல்லாம் ஒவ்வொன்றாகக் கிளறுவாள். கட்டிலில் கிடக்கிறவன் முகம் சிவக்கச் சிவக்க, அவன் மணிக்கட்டில் கட்டியிருக்கும் வலிமானியில் எண் ஏறும். ஆறைத் தொட்டதும் வாயை மூடிக்கொண்டு காபி போடப் போய்விடுவாள். படுத்த படுக்கையாகக் கிடக்கிற மனுஷனை இப்படிக் கரித்துக் கொட்டுகிறாளே, இவளெல்லாம் ஒரு பொம்பளையா என்று பக்கத்து வீடுகளில் பேசிக்கொண்டார்கள். பேசட்டும், அவர்களுக்கென்ன.

இந்தக் கூத்துக்கெல்லாம் காரணம் அந்த வலிமானி. கண்டுபிடித்த புண்ணியவான் நன்றாக இருக்கட்டும். வியர்வை, நாடி, தோலுக்கடியில் நரம்பின் துடிப்பு மூன்றையும் பார்த்து, பத்துக்கு எவ்வளவு வலி என்று சொல்லிவிடும். மகுடீஸ்வரன் முதுகில் பனியன் பேல் மூட்டை சரிந்து விழுந்து ஒன்பது வருஷம் ஆகிறது. நிஜமாகவே வலிக்கிறதா, நடிக்கிறாயா என்று கேட்காத டாக்டர் திருப்பூரில் இல்லை. இனி அந்த அவமானம் இல்லை என்று இவர்களும்தான் சந்தோஷப்பட்டார்கள். வலிமானி எட்டு காட்டியது. வலிநிவாரண வாரியம் உரிமம் கொடுத்து, வீட்டுக்கு ஒரு பசும்பேழையும் அனுப்பி வைத்தது.

பேழை பீரோ உயரம் இருந்தது. வெளிச்சம், தண்ணீர், காற்று எல்லாவற்றையும் அதுவே பார்த்துக்கொள்ளும். விதையை உள்ளே வைப்பது மட்டும்தான் வீட்டுக்காரர் வேலை. செடி பூத்ததும் அதுவே சாறு இறக்கி, காலை ஏழு மணிக்குள் வலிமானி ஆறைத் தொட்டால் மூன்று சொட்டு மருந்தைக் குப்பியில் விடும். எண் பத்தைத் தொட்டால் மட்டும் நேரம் பார்க்காமல் திறக்கும். உரிமத்தில் செடியின் பெயர் சாந்தமூலி என்று இருந்தது. மறந்தும் கஞ்சா என்று சொல்லிவிடாதீர்கள் என்று பேழையைக் கொண்டுவந்த அதிகாரி எச்சரித்தார். சாந்தமூலி வளர்ப்பது சிகிச்சையாம், கஞ்சா வைத்திருப்பது குற்றமாம். ஒரே செடிக்கு இரண்டு பெயர் வைத்துவிட்டு என்ன பெருமை.

தமயந்தி அதுவரை தொட்டியில் கொத்தமல்லிகூட வளர்த்ததில்லை. விதையை வைத்த கையோடு, புதுசாக வீட்டுக்கு வந்த சாமான் ஆயிற்றே என்று, பேழைக்குச் சந்தனம் பூசி நெற்றியில் வட்டமாகக் குங்குமப் பொட்டு வைத்தாள். நெற்றி என்று அவள் நினைத்தது பேழையின் கண். கண்ணை மறைத்தது கண்காணிப்புக்கு இடையூறு என்று பேழை தன்னைத் தானே பூட்டிக்கொண்டது. இரண்டு நாள் தண்ணீரும் இல்லை, வெளிச்சமும் இல்லை. அதிகாரி வந்து அரைமணி நேரம் அறிவுரை சொல்லி, பொட்டைத் துடைத்துத் திறந்துவிட்டுப் போனார். முளை எப்படியோ பிழைத்துக்கொண்டது. கண்ணைச் சுற்றிச் சிவப்புக் கறை மட்டும் போகவே இல்லை.

இலை விரல் விரலாகப் பிரிந்த அன்று, மகுடீஸ்வரன் கட்டிலைப் பேழை பக்கம் நகர்த்தச் சொன்னான். கண்ணாடி வழியாக வெகுநேரம் பார்த்தான்.

"இதுதானா தமயந்தி அது?"

"இதுதானுங்க மாமா."

"என்ற அப்பன் இதைக் கண்ணுலகூடப் பாத்ததில்லை."

அவன் அப்பா பெயர் ஆறுக்குட்டி. பனியன் கம்பெனியில் வேலைநிறுத்தம் நடத்தியவர். பதினோராம் நாள், மத்தியானச் சாப்பாடு கொண்டுபோகும் அவருடைய சோத்துப் போசியில் இரண்டு கிலோ கஞ்சா இருந்ததாகச் சொல்லிப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. பீடிகூடக் குடிக்காத மனுஷன். அந்தப் போசிக்குள் இரண்டு கிலோ எப்படி நுழையும் என்று கோர்ட்டில் ஒருத்தரும் கேட்கவில்லை. மூன்று வருஷம் உள்ளே இருந்துவிட்டு வந்து, ஒரு வருஷத்தில் செத்துப்போனார். ஊரில் அது கஞ்சாக்காரன் வீடு ஆயிற்று. பள்ளிக்கூடத்தில் மகுடீஸ்வரனுக்குப் பெயரே இல்லை, கஞ்சாக்காரன் மகன்தான்.

செடி பூத்தது. முதல் மூன்று சொட்டு உள்ளே போன அன்று அவன் ஒன்பது வருஷத்துக்கு அப்புறம் தானாக ஒருக்களித்துப் படுத்தான். தமயந்தி சமையலறையில் போய் நின்று அழுதாள். மறுநாள் காலை வலிமானி மூன்று காட்டியது. வலி குறைந்ததற்கு வாழ்த்துச் சொல்லிவிட்டுப் பேழை மருந்தை நிறுத்திவிட்டது. மருந்து போட்டதால்தானே குறைந்தது, நிறுத்தினால் திரும்பி வராதா? சாயங்காலமே வந்தது, கட்டில் சட்டத்தைக் கடிக்கிற அளவுக்கு வந்தது. வாரியத்துக்கு எழுதினாள். வலிமானி தவறு செய்வதில்லை என்று பதில் வந்தது. தொடர்ந்து மூன்று காலை ஆறுக்குக் கீழே இருந்தால், தேவையற்ற செடி என்று கருதிப் பேழையே அதைச் சாம்பலாக்கிவிடும் என்றும் போட்டிருந்தது. புத்தி உள்ளவன் எழுதுகிற விதியா இது.

வலிமானிக்கு வலியும் கோபமும் ஒன்றுதான் என்பது தற்செயலாகத்தான் தெரிந்தது. ஒருநாள் காலை பால் பொங்கி வழிந்த எரிச்சலில் அவனை என்னவோ திட்டினாள், அவன் பதிலுக்குக் கத்தினான், எண் நாலிலிருந்து ஏழுக்குத் தாவியது. பேழை திறந்தது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துவிட்டார்கள். அன்றிலிருந்துதான் இந்த ஏழு மணிச் சண்டை.

இரண்டு மாதம் ஓடியது. ஆனால் மருந்து அதன் வேலையைச் செய்யாமல் இருக்குமா? வலியில்லாமல் தூங்கித் தூங்கி மகுடீஸ்வரன் சாது ஆகிவிட்டான். தங்கச்சியைப் பற்றிச் சொன்னால் பாவம், விடு என்றான். சீட்டாட்டத்தை எடுத்தால் சிரித்தான். திங்கட்கிழமை ஐந்து. செவ்வாய்க்கிழமை நாலரை. இரண்டு நாளும் மருந்து இல்லாமல் ராத்திரியில் துடித்து, விடியும்போது துவண்டு கிடந்தான். துவண்டவன் உடம்பில் நாடி எங்கே ஏறும். புதன்கிழமையும் ஏறாவிட்டால் செடி சாம்பல்.

புதன்கிழமை அவள் அஞ்சரைக்கே தொடங்கினாள். தெரிந்த எல்லாவற்றையும் சொல்லித் தீர்த்தாள். ஆறு ஐம்பத்தெட்டுக்கு எண் நாலே காலில் நின்றது. அவனைப் பார்த்தாள், கண்ணாடிக்குள் செடியைப் பார்த்தாள், பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்:

"கஞ்சாக்காரன் மகனுக்கு ரோசம் வேற வருமாக்கும்?"

ஒன்பது புள்ளி நாலு. பேழை திறந்து மூன்று சொட்டைக் குப்பியில் விட்டது. அவள் ஓடிப்போய் எடுத்து வந்தாள். மருந்துக்கு அவன் வாயைத் திறக்கவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பப் பார்த்தான், முடியவில்லை. அவள் அவன் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"மருந்துக்காகத்தான் சொன்னேன்னு தெரியுது," என்றான். "ஆனா அந்த வார்த்தை உன்ற வாயில தயாரா இருந்துச்சு பாரு."

அவள் குப்பியைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள், கோபம் தணிந்ததும் குடிக்கட்டும் என்று.

பத்து மணிக்கு வாரியத்தின் அதிகாரியும் ஒரு காவலரும் வந்தார்கள். மருந்து எடுக்கிறவருக்கு வலி ஒன்பதைத் தாண்டினால், மருந்து பலிக்கவில்லை என்று பொருளாம். கையேட்டில் நாற்பத்தோராம் பக்கத்தில் இருக்கிறதாம். காலை ஏழு மணி ஒரு நிமிஷத்துக்கே உரிமம் ரத்தாகிவிட்டது என்று அதிகாரி சொன்னார். குறைந்தாலும் பிடுங்குவீர்கள், கூடினாலும் பிடுங்குவீர்களா என்று தமயந்தி கேட்டதற்கு, தான் விதியை எழுதவில்லை என்றார். செடியை வேரோடு பையில் போட்டார்கள். அப்போதுதான் காவலர் கண் சாமி படத்தின் பக்கம் போனது.

உரிமம் இல்லாத வீட்டில் மூன்று சொட்டு. காலையில் இருந்து இங்கேதான் இருக்கிறதா என்று கேட்டார். ஆமாம் என்று அவள் விவரம் தெரியாமல் சொல்லிவிட்டாள். காவலர் உட்கார்ந்து எழுதி, கையெழுத்துப் போடச் சொல்லித் தாளைக் கட்டிலில் வைத்தார். சாந்தமூலி என்ற பேச்சே அதில் இல்லை. கஞ்சா என்றுதான் இருந்தது, நாலு இடத்தில். தகப்பன் பெயர் என்ற இடத்தில் ஆறுக்குட்டி.

தமயந்தி அவர்கள் முன்னால் கையெடுத்துக் கும்பிட்டாள். தன் பெயரை எழுதிக்கொள்ளச் சொன்னாள். உரிமம் அவள் பெயரில் இல்லையே என்றார்கள். மகுடீஸ்வரன் தாளை இரண்டு முறை படித்தான். பேனாவை வாங்கினான்.

"என்ற அப்பன் பாக்காத செடிக்காக உள்ள போனான். நா வளத்துட்டுப் போறேன், அது வரைக்கும் பரவால்ல," என்றான்.

அன்றைக்கு இரண்டாம் தடவை எண் ஏற அவனை யாரும் திட்ட வேண்டியிருக்கவில்லை. கையெழுத்துப் போடும்போதே மணிக்கட்டில் எண் பத்தைத் தொட்டது. சிவப்புக் கறைக்கு நடுவே பேழை கண்ணைத் திறந்தது. உள்ளே செடி இல்லாமலே அதன் கதவு விரிந்தது.

"உங்கள் வலி உறுதி செய்யப்பட்டது," என்றது அது, குழைவான குரலில். "மருந்தை எடுத்துக்கொள்ளுங்கள்."

தமயந்தி கதவை ஓங்கிச் சாத்தினாள். அது மறுபடியும் திறந்துகொண்டது.