ஆமைக்கும் ஒரு கூறு

திருவொற்றியூர் குப்பத்தின் வலைக்கூடத்தில் அன்று நல்ல கூட்டம். மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகுகள் எல்லாம் காசிமேட்டில் கட்டிக் கிடந்தன. பொழுது போகாத ஆண்களும் பெண்களும் பிள்ளைகளும் தரையில் உட்கார்ந்து, சுவரோரம் கட்டியிருந்த வெள்ளை வேட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வேட்டியில் ஓடியது சினேகாவின் படம்.

'ஏழு அலைக் கோட்டை' என்று ஒரு தடித்த கதைப் புத்தகம். சினேகாவின் அப்பா ஜெகதீசன் அதைப் பழைய புத்தகக் கடையில் வாங்கி வந்தார். தடைக்காலம் வந்தால் சாயங்காலம்தோறும் மகளைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சத்தமாகப் படிப்பார். போன வருஷம் கடலுக்குப் போனவர் திரும்பி வரவில்லை. புத்தகம் மட்டும் அலமாரியில் இருந்தது. இந்த வருஷம் அதைத் தனியாகப் படிக்க சினேகாவுக்கு மனம் வரவில்லை. படமாக எடுத்துவிடலாம் என்று முடிவு செய்தாள்.

கடல் ராஜா சிறைவைத்த காற்றை மீட்கப் போகும் பெண் நீலி. அது சினேகா. வழியில் வரும் மிருகங்கள் எல்லாம் அவள் கூட்டாளி ஃபவாஸ். இயக்குநர் இன்னொரு கூட்டாளி அன்புமணி, ஏனென்றால் போன் அவனுடையது.

இவ்வளவு பெரிய கதை ஒரு படத்தில் அடங்குமா? மூன்று படமாக எடுப்பது என்று பேசிக்கொண்டார்கள். அன்புமணி புத்தகத்தின் பக்கங்களை மூன்றால் வகுத்தான். வேலை முடிந்தது என்று கையைத் தட்டிக்கொண்டான்.

முதல் பாகத்தில் நீலி மூட்டை கட்டினாள். அத்தை வீட்டில் சொல்லிக்கொண்டாள். சித்தி வீட்டில் சொல்லிக்கொண்டாள். மணலில் நடந்தாள். நடந்துகொண்டே இருந்தாள்.

"இன்னா நைனா, பொண்ணு இன்னும் எண்ணூரே தாண்டலியே!" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"பஸ் ஏத்தி வுடுங்கப்பா!" என்றது இன்னொன்று.

கூடம் சிரித்தது. பிறகு ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். நண்டு ராட்சசன் வருவதற்குச் சற்று முன்னால் 'தொடரும்' என்று போட்டபோது, கூடத்தில் மிச்சமிருந்தது எத்திராஜ் மாமாவும் ஒரு நாயும்தான். நாய் தூங்கிக்கொண்டிருந்தது.

கூடத்துச் சாவி எத்திராஜ் மாமாவிடம் இருந்தது. "பாப்பா, கேரம் போட்டி வெக்கணும்னு பசங்க சாவி கேட்டுகினு கீறானுங்க. வர்ற ஞாயித்துக்கெழம ஒனக்கு இன்னொரு தபா தர்றேன். அன்னிக்கும் ஜனம் எய்ந்து போச்சுன்னா, அப்பால கேரம்தான். இன்னா?"

வெளியே வந்ததும் அன்புமணி சொன்னான்: "மூணு படமும் வேணாம், பேஜாரும் வேணாம். ஒரே படமா அடிச்சுடலாம். நண்டு சண்ட, ராஜா சண்ட, அவ்ளோதான். ஆமைய தூக்கிடு."

"ஆமைய தூக்கக் கூடாது!"

"அது சும்மா பேசிகினே கீது. சண்டையே போடல. அத்த யாரு பாப்பாங்க?"

தன் பெயரை மறந்த கிழட்டு ஆமை வரும் பக்கங்களில் அப்பாவின் குரல் எப்போதும் கரகரக்கும். ஆமையை எடுத்துவிட்டால் அந்தக் குரலும் போய்விடுமோ என்று சினேகாவுக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் காலை மார்க்கெட்டில், அம்மா பச்சையம்மா, தடை இல்லாத சின்ன ஃபைபர் படகில் வந்த மீனைச் சாக்கின்மேல் கொட்டினாள். "மூணு கூறு போட்டு வையிடி. டீ குடிச்சுட்டு வர்றேன்."

சினேகாவின் நினைவெல்லாம் படத்தில் இருந்தது. கை மட்டும் தானாக வேலை செய்தது. பொடி மீனான காரப்பொடியை மூன்று குவியலாக்கி, ஒவ்வொன்றின்மேலும் ஒரு பெரிய சங்கரா மீனை வைத்தது.

ஃபவாஸ் பையோடு வந்து நின்றான். "பெரிய மீன் மூணையும் ஒரே கூறுல வெய்யேன் சினேகா. எங்கம்மா குஷியாயிடுவாங்க."

"ஆவாங்க, ஆவாங்க! அப்பால வெறும் காரப்பொடி கீற ரெண்டு கூறையும் யாரு வாங்குவா? ஈதான் வாங்கும். கூறுக்குக் கூறு மேல ஒரு பெரிய மீனு இருந்தாத்தானே..."

பாதியில் நிறுத்தினாள். மீனைப் பார்த்தாள். ஃபவாஸைப் பார்த்தாள்.

"டேய்! படத்த நாம கூறு போடவே இல்லடா! வா, அன்பு வூட்டுக்குப் போலாம்!"

"எங்கடி ஓடற?" டீக்கடையிலிருந்து அம்மா கத்தினாள்.

"கூறு போட!"

"மொதல்ல இந்தக் கூற வித்துட்டுப் போடி!"

விற்றுவிட்டுத்தான் போனாள்.

"பக்கத்த எண்ணாத அன்பு, பெரிய மீன எண்ணு" என்று புத்தகத்தை விரித்தாள். "நண்டு, ஆமை, காத்து. ஒரு படத்துக்கு ஒண்ணு. மொத படம் நண்டு வர்ற வரைக்கும் போவணும். அத்தை, சித்தி எல்லாரும் வாசல்ல நின்னு ஒரே தபா கை காட்டட்டும்."

அன்புமணி தலையைச் சொறிந்தான். "நண்டு சரி. ஆமை எப்படி பெரிய மீனு?"

"வெச்சுப் பாப்போம். அன்னிக்கு ஜனம் எய்ந்து போச்சுன்னா, நானே தூக்கிடறேன்."

சொல்லிவிட்டு, ஆமை வரும் பக்கத்தின் ஓரத்தை மடித்து வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை புதிய முதல் பாகம். நீலி சுருக்கமாகக் கிளம்பினாள். தலையில் சிவப்பு பக்கெட், இரண்டு கையிலும் அடுப்பு இடுக்கியோடு நண்டு ராட்சசன் பாய்ந்தான். கூடம் அதிர்ந்தது. விசில் அடித்தவர்களில் கேரம் பையன்களும் இருந்தார்கள். தோற்ற நண்டு, "ராஜாவிடம் போகும் வழி ஆமைக்கு மட்டுமே தெரியும்!" என்று சொல்லி விழுந்தது. ஒருவரும் எழவில்லை.

"ஏய், அடுத்தத இப்பவே போடுப்பா!" என்றார் எத்திராஜ் மாமா.

அதற்கடுத்த ஞாயிறு. முதுகில் மீன் கூடையைக் கவிழ்த்துக்கொண்டு ஃபவாஸ் மெதுவாக ஊர்ந்து வந்தான். அன்புமணி நகத்தைக் கடித்தான்.

"வழி தெரியும்" என்றது ஆமை. "என் பெயர்தான் மறந்துவிட்டது. கூப்பிட ஆள் இல்லாவிட்டால் பெயர் தங்குமா?"

நீலி அதன் பக்கத்தில் உட்கார்ந்தாள். தெரிந்த பெயர்களை எல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லிக் கூப்பிட்டாள். ஆமை அசையவில்லை. கடைசியில், புத்தகத்தில் இல்லாத ஒரு பெயரைக் கூப்பிட்டாள்.

"ஜெகதீசா!"

ஆமை தலையைத் தூக்கியது.

ஒரு காலத்தில் ஜெகதீசனோடு ஒரே படகில் தொழிலுக்குப் போனவர்கள் அங்கே இருந்தார்கள். ஒருவரும் எழவில்லை. எத்திராஜ் மாமா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இன்னாப்பா இது, கொசுவத்திப் பொகை" என்றார். கொசுவத்தியை அன்று யாரும் ஏற்றவே இல்லை.

அன்புமணி சினேகாவின் காதருகே வந்தான். "பெரிய மீனுதான்" என்றான்.

மூன்றாம் ஞாயிறு கூடத்தில் இடம் போதாமல் மீன் பெட்டிகளைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார்கள். நீலி கோட்டைக் கதவைத் தள்ளினாள். சிறையிலிருந்த காற்று வெளியே பாய்ந்தது. அந்த நேரம் பார்த்துக் கடற்காற்றும் உள்ளே புகுந்து, வேட்டி படகுப் பாய்போல் புடைத்தது. இப்போதுதான் ஜனம் எழுந்தது. எழுந்து, கை ஓயும்வரை தட்டியது.

சினேகா திரும்பிப் பார்த்தாள். அப்பா கதை படித்த சாயங்காலங்களில் எல்லாம் மார்க்கெட்டிலேயே இருந்துவிட்ட அம்மா, இன்று காலிக் கூடையை இடுப்பில் வைத்தபடி வாசலில் நின்றிருந்தாள். கண் கலங்கியிருந்தது, வாய் சிரித்தது.

கூட்டத்துக்கு மேலாக அம்மாவின் மார்க்கெட் குரல் கணீரென்று வந்தது:

"மூணு கூறும் வித்துப்போச்சுடி, சினேகா!"