படகுக்கு அடியில் இரண்டு தட்டல்

தீவைச் சுற்றிப் பார்க்க அன்று வந்தவர்கள் ஐந்து பேர். புதுசாய்க் கல்யாணமான ஜோடி ஒன்று, கேமராவும் கையுமாய் இரண்டு நண்பர்கள், ஓய்வு பெற்ற டீச்சரம்மா ஒருத்தி. படகுக்காரன் லைஃப் ஜாக்கெட்டுகளை மாட்டிவிட்டான். துறையில் கட்டியிருந்த கயிற்றை அவன் அக்கா அவிழ்த்தாள். அவிழ்க்கும்போது தினமும் கேட்பதை அன்றும் கேட்டாள்.

"எந்தப் பாறையில இறங்கினாருன்னு சொன்னே?"

"கலங்கரை விளக்குப் பாறைதான்க்கா. எத்தனை தரம் சொல்றது? நீ போ மாப்ளே, நான் வேற படகுல வர்றேன்னாரு. வந்துட்டேன்."

"வேற படகுக்காரங்க ஒருத்தரும் பாக்கலேங்கிறாங்களே."

"அவங்க கண்ணு அவிஞ்சு போனா நான் என்ன பண்றது?"

அவள் அவிழ்த்த கயிற்றைப் படகுக்குள் எறிந்தாள். புருஷன் காணாமல் போய் மூன்று மாதம். உடம்பும் கரை ஒதுங்கவில்லை, உடுத்தியிருந்த துணியும் ஒதுங்கவில்லை. அதனால் அவள் இன்னும் அழவில்லை. சோற்றுப் பானையில் அவருக்கும் சேர்த்தே அரிசி போட்டுக்கொண்டிருந்தாள். மிஞ்சுகிற அந்தச் சோற்றை ராத்திரி தின்பது தம்பிதான்.

அலையாத்திக் காட்டைக் காட்டினான். கொக்குகளைக் காட்டினான். கலங்கரை விளக்குப் பாறை வந்ததும் குரலைத் தாழ்த்தினான்.

"இங்கதான் எங்க மச்சான் கடைசியா முங்கினது. மூச்சடக்கினா மூணு நிமிஷம். மீனே வெக்கப்படும். கடலுக்கு அவர்மேல ஆசை வந்திருச்சு, வச்சிக்கிச்சு."

"பொண்டாட்டிகிட்டேருந்து தப்பிச்சு ஓடியிருப்பாரு," என்றான் கேமராக்காரன். எல்லோரும் சிரித்தார்கள். படகுக்காரனும் சிரித்தான். டீச்சரம்மா மட்டும் சிரிக்கவில்லை.

அப்போது மேற்கே, ஆழக்கடல் பக்கம், தண்ணீர் கறுப்பாய்த் துள்ளியது.

"டால்பின்! அண்ணே, விடுங்கண்ணே, விடுங்க!"

அந்தப் பக்கம் அவன் மூன்று மாதமாய்ப் போனதில்லை. போகாவிட்டால் ஏன் என்று கேட்பார்களே. போனான்.

பத்து நிமிஷத்தில் டால்பின்கள் மறைந்துவிட்டன. இன்ஜினை அணைத்தான். உச்சி வெயில். காற்று செத்துக் கிடந்தது. கடல் எண்ணெய்போல வழவழத்தது. டீசல் வாடையோடு, திறந்த சிப்பியின் பச்சை வாடை ஒன்று எங்கிருந்தோ வந்தது.

டக். டக்.

காலுக்குக் கீழே, படகின் அடியில்.

அது மச்சானின் கணக்கு. மேலே வருவதற்குமுன் அடிப்பலகையில் இரண்டு தட்டு தட்டுவார். இன்ஜினைத் தொடாதே, நான் ஏறப்போகிறேன் என்று அர்த்தம். பத்து வருஷமாய் அவர்கள் இருவருக்கும் அதுதான் பேச்சு.

காணாமல் போன அன்றைக்கும் தட்டினார்.

பயணிகளுக்குக் காட்ட உயிருள்ள சங்கு எடுக்க இறங்கியிருந்தார். இதே மாதிரி டால்பின் துள்ளியது, இதே மாதிரி கத்தினார்கள். தட்டல் அவன் காதில் விழுந்தது. ஐந்து நிமிஷம் மிதக்கமாட்டாரா என்று கயிற்றை இழுத்து இன்ஜினைப் போட்டான். கீழே இன்ஜின் விசிறி எதிலோ பட்டு ஒரு விக்கல் விக்கியது. பாறை என்று நினைத்துக்கொண்டான்.

இங்கே பாறையே கிடையாது.

அரை மணி கழித்துத் திரும்பியபோது வெறும் கடல் கிடந்தது. மச்சான் வேறு படகில் போய்விட்டார் என்று பயணிகளிடம் சொன்னான். அந்தப் பொய்யில் பாறையைச் சேர்த்து அக்காவிடம் சொன்னான்.

"தம்பி," டீச்சரம்மா மெல்லக் கேட்டாள், "அவரை ஏத்திக்கலாமே?"

"யாரைம்மா?"

"பக்கத்துல படகைப் பிடிச்சிக்கிட்டு இருக்காரே."

திரும்பினான். ஒருவருமில்லை. வெயிலில் காய்ந்த படகு விளிம்பில் நான்கு ஈர விரல்தடம். மூன்று நீளம், ஒன்று பாதி.

அவன் இன்ஜின் கயிற்றைத் தொட்டான்.

டக். டக்.

கையை எடுத்துவிட்டான். துடுப்பை எடுத்து, கைத்தோல் உரிய உரியக் கரைவரை வலித்தான். இன்ஜின் ரிப்பேரா என்று பயணிகள் முணுமுணுத்தார்கள். அவன் விளிம்பைப் பார்க்கவே இல்லை.

அன்று துறையில் கட்டவில்லை. மணல்மேட்டுக்கே படகை ஏற்றிவிட்டான். பயணிகள் இறங்கினார்கள். உதவிக்கு ஓடிவந்த அக்காவின் முன் டீச்சரம்மா நின்றாள்.

"உங்க தம்பி கல்நெஞ்சுக்காரரும்மா. ஒரு ஆளு வழியெல்லாம் படகைப் பிடிச்சிக்கிட்டே வந்தாரு. பாவம், அவருக்கு ஒரு விரல் பாதிதான் இருந்திச்சு."

புருஷனின் அந்த விரலை வலை இழுக்கும் எந்திரம் பிடுங்கியபோது கட்டுப் போட்டவள் அக்காதான். படகைச் சுற்றி வந்தாள். விளிம்பில் ஈரம் இன்னும் காயவில்லை. அதன்மேல் தன் விரல்களை ஒவ்வொன்றாய் வைத்துப் பார்த்தாள்.

டக். டக்.

படகுக்கு அடியில் வெறும் மணல்.

"கேட்டிச்சாடா?"

"ம்."

"அன்னைக்கும் கேட்டிச்சா?"

பாறை, வேறு படகு எல்லாம் நாக்கின் நுனியில் தயாராய் இருந்தது. எதுவும் வெளியே வரவில்லை.

"கேட்டிச்சுக்கா. கேட்டும் இன்ஜினைப் போட்டேன்."

அவள் அடிக்கவில்லை, ஏசவில்லை. மணலில் மண்டியிட்டு, படகின் பலகையில் காதை வைத்தாள். அப்புறம்தான், மூன்று மாதம் கழித்து, அவளிடமிருந்து அழுகை வெளியே வந்தது.

"மேல வாங்க," என்றாள். "இனி இவன் போடமாட்டான்."

யாரும் தொடவில்லை. காற்றில்லை, அலையில்லை. மணலில் பாதி புதைந்திருந்த படகு மெல்ல, மிக மெல்ல, அவர்கள் பக்கமாய்ச் சாய்ந்தது. தண்ணீரிலிருந்து ஓர் ஆள் எம்பி ஏறும்போது சாய்வதுபோல.